கறிமேல் போட்ட பழி

முப்பத்தொரு வருடம் இறைச்சிக் கடை நடத்தியவர், கறியைப் பற்றி ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. "இது கிழட்டு மாடு. பல்லு இருந்தா வாங்கிட்டுப் போ" என்று வாங்க வந்தவரின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். தொண்டையில் கட்டி வந்தபின் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்தார்.

முதலில் ரொட்டி இறங்காமல் போனது, பிறகு முட்டை. குழைய வெந்த கறியும் இறங்காத நாளில் வயிற்றில் குழாய் பொருத்தியாக வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அப்படிக் குழாய் பொருத்தப் போன பக்கத்துக் கடைத் தையற்காரர் வீடு திரும்பவில்லை.

அன்று காலை ஆறு மணிக்கு, தம்பி அனுப்பிய மாட்டின் முன்னங்கால் சதையை மனைவி கட்டைவிரல் அளவுத் துண்டுகளாக்கினாள். வாணலியில் சிவக்க வதக்கி, வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு, மிளகோடு, மெல்லிய சூட்டில் வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் இட்டு, துண்டுகள் மூழ்க நீர் ஊற்றி மூடினாள். எட்டு மணி நேரத்துக்கு மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் சேர்ந்த சூடு போய்விடும். அவர் எதிரே நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். நண்பகலுக்குள் இரண்டு அறைகளிலும் வாசனை நிறைந்தது.

இரண்டு மணிக்குத் தட்டில் வைத்தாள். கரண்டி பட்டதுமே துண்டு நார்நாராகப் பிரிந்தது. வாயில் நாக்கே அதை நசுக்கியது. ஆனால் தொண்டையில் போய் நின்றுவிட்டது. குடித்த தண்ணீர் மட்டும் மெல்ல இறங்கிற்று; கறி இறங்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து அதில் துப்பினார்.

"என்னங்க?"

"வேகலை."

அவள் அதே தட்டிலிருந்து கொஞ்சம் கறியை எடுத்துத் தின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சரி, இன்னும் ரெண்டு மணி நேரம் கிடக்கட்டும். அதுக்குள்ள கோவிச்சுக்கிட்டு எங்கயும் ஓடிப்போயிடாதீங்க."

நான்கு மணிக்குக் கறியை மசித்தே கொடுத்தாள். அதுவும் தோள்துண்டுக்கே போனது.

"இன்னும் வேகலை" என்றார், சுவரைப் பார்த்தபடி.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள். "உங்க தம்பியை நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன். கூடப்பொறந்தவருக்கே கிழட்டுக் கறியைத் தள்ளிவிட்டிருக்காரு. கடைக்கு வர்றவங்க கதி என்னவோ."

திரையில் தம்பியின் பெயரை எடுத்த பிறகும் அவள் விரல் அதை அழுத்தவில்லை.

அவர் கையிலிருந்த துண்டை நான்காக மடித்தார்.

"அவனை ஏசாதே. நல்ல கறி. பதமாத்தான் வெட்டியிருக்கான். ரெண்டு மணிக்கே வெந்துடுச்சு."

"தெரியும். நானும்தானே தின்னேன்."

மடித்த துண்டை அவர் தட்டின் அருகே வைத்தார்.

"அவனுக்கு ஒரு டப்பால போட்டு அனுப்பு" என்றார். "சூட்டோட திங்கட்டும். அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் பேசிடு."

அவள் ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் எடுப்பதற்குள் அவர் எழுந்துபோய்க் குக்கரின் குமிழைத் திருப்பி அணைத்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள்.