காற்று நிற்கும் நாள்

காலையில் கதவைத் திறந்ததும் பிளேக்கிங்கே கடற்கரையில் ஒரு ஊரின் தபால்காரர் சிக்ஸ்டன் ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்துத் தலைக்கு மேலே நீட்டுவார். பத்தொன்பது வருடப் பழக்கம். விரலின் ஒரு பக்கம் சில்லிட்டதும், இன்றும் காற்று வீசுகிறதே என்று முகம் தொங்கிப்போகும்.

காரணம், மீனுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை பார்த்த யோர்டிஸ் என்ற பெண். அவரிடம் மனதிலிருந்ததைச் சொன்ன அன்றே, பக்கத்து ஸ்கோனே பகுதிக்காரரான சிக்ஸ்டன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"பிளேக்கிங்கேன்னா காத்தே இல்லாத கடல்னு அர்த்தமாமே! இங்க என் தொப்பி ஒருநாளாவது தலையில நின்னுருக்கா?"

"எங்க சீமைப் பேரு பொய்யா? சரி, காத்து நிக்கிற அன்னிக்கு வா, கட்டிக்கிறேன். அதுவரைக்கும் தபாலைக் குடுத்துட்டு நடையக் கட்டு."

ஊர் வரலாற்றுச் சங்கம் இதை மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு விதி எழுதியது: படகுத்துறை முனையில் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும், யோர்டிஸ் ஒரு கோப்பை காபி குடித்து முடிக்கும்வரை அது அணையக் கூடாது.

பத்தொன்பதாவது வருடம், ஓர் ஆகஸ்ட் காலையில் கடல் கண்ணாடிபோலக் கிடந்தது. ஊரே துறையில் கூடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. யோர்டிஸ் வழக்கத்தைவிட வேகமாகக் குடித்தார். கடைசி மிடறில் சிக்ஸ்டன் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார். சுடர் அணைந்தது.

"போச்சு!" என்றார் சங்கத் தலைவர் அல்ரிக்.

"அது காத்து இல்லய்யா, மூச்சு!" என்று கத்தினார் சிக்ஸ்டன்.

"மூச்சு பின்ன என்ன, உருளைக்கிழங்கா?"

சங்கத்தில் ஓட்டெடுத்தார்கள். நாலுக்கு நாலு. தலைநகரத்து ஊர்ப்பெயர் அறிஞர்களிடம் தீர்ப்புக் கேட்டு அல்ரிக் கடிதம் போட்டார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: 'பெயரின் பொருள் சரியே. மெழுகுவத்தி எங்கள் துறை அல்ல.'

சிக்ஸ்டன் பெட்டியைக் கட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போனார். யோர்டிஸ் புகை மணக்கும் மேலங்கியோடு ஓடி வந்தார்.

"எங்க கிளம்பிட்ட?"

"இத்தனை வருஷமா காத்து நிக்கல, நான்தான் காத்து நிக்கிறேன். போதும்."

"கட்டிக்கிறதுக்குத்தானே காத்து நிக்கணும்னு சொன்னேன்? சேந்து இருக்கிறதுக்கு எதுவும் சொல்லலையே! பெட்டிய எங்க வீட்டுக்குத் தூக்கு, மடையா."

சிக்ஸ்டனுக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். கல்யாணம் இன்னும் ஆகவில்லை.