மாலை போடாத படம்

பல்லுக்குக் கம்பி போட்ட நாளைப் பற்றி என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: "மாசி, செவ்வாய். காலை 6.10 பேருந்து. வவுனியா. கம்பி போட்டாயிற்று. அம்மா ஒன்றும் கேட்கவில்லை." கடைசி வாக்கியத்தை ஏன் எழுதினேன் என்று அன்று எனக்கே தெரியவில்லை.

என் கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னுக்கு நிற்கும். மேல் முன்பற்களும் கீழ் முன்பற்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. கொய்யாப்பழத்தைக் கடிக்க முடியாது. கத்தியால் சீவித்தான் தின்ன வேண்டும். நாற்பதைத் தாண்டியபின் காதடியில் வலியும் சேர்ந்துகொண்டது. தாடையை வெட்டிப் பின்னுக்கு வைக்க வேண்டும் என்றார் பல் வைத்தியர். அதற்கு முன் ஒன்றரை வருடம் கம்பி.

எங்கள் ஊர் முள்ளியவளையில் செய்தி பரவ ஒரு நாள் போதும். பக்கத்து வீட்டு மாமி வேலியடியில் நின்று கேட்டார்: "நாற்பத்தொரு வயசில பல்லுக்குக் கம்பியோ தம்பி? ரெண்டாம் கலியாணம் ஏதும் யோசனையோ?"

"ஓம் மாமி. பல்லு நேராகட்டும், நீங்களே ஒரு பொம்பிளை பாத்துத் தாங்கோ."

குசினிக்குள் அடுப்படியில் என் மனைவி சிரித்தது கேட்டது. அம்மா சிரிக்கவில்லை.

அந்தத் தாடை அப்பாவினுடையது. போரின் கடைசி இடப்பெயர்வில் அவரை இழந்தோம். உடலைக் காணவில்லை. பேருந்து நேரத்தைக்கூடக் குறித்து வைக்கும் என்னிடம் அவர் இறந்த தேதி இல்லை. ஆடி அமாவாசையில் மட்டும் அவருக்காக விரதம் இருக்கிறோம். வீட்டிலிருந்த படங்களும் அந்த வழியிலேயே போயின. முகாமிலிருந்து திரும்பிய பின், அம்மா கேட்டதற்காக, வவுனியாவில் ஒரு ஸ்ரூடியோக்காரர் என்னை வைத்தே அப்பாவைச் செய்து தந்தார். வேட்டி சால்வையோடு என்னைப் படமெடுத்து, கணினியில் தலையை நரைக்க வைத்து, மீசை வைத்து, கன்னத்தில் குழி விழுத்தினார். "தாடையில மட்டும் கை வைக்காதேங்கோ" என்று அம்மா அவர் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் படத்துக்கு நாங்கள் இதுவரை மாலை போட்டதில்லை. சட்டமிட்டுக் கொண்டுவந்த நாளில் நான் மல்லிகைச் சரம் வாங்கி வந்தேன். அம்மா என் கையைப் பிடித்துவிட்டார்.

"உயிரோட இருக்கிற பிள்ளையின்ர முகத்துக்கு மாலை போடுறதோ? என்ன வேலை செய்யிறாய்?"

அன்றிலிருந்து ஆடி அமாவாசைக்கும் வெறும் விளக்குத்தான். வேலி அடைப்போமா, மாமரத்தைத் தறிப்போமா என்று கேட்டால், சில நாட்களில் அம்மா மாலையில்லாத அந்தப் படத்தைப் பார்த்தபடி "இவர் வரட்டும், கேப்பம்" என்பார். நாங்கள் திருத்துவதில்லை.

கம்பி முதலில் கோணலைக் கூட்டித்தான் காட்டும் என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார். பற்கள் அவையவை இருக்கும் எலும்பில் நிமிர்ந்து நிற்க, தாடை இன்னும் முன்னுக்குத் தெரியுமாம். அப்படியே நடந்தது. மாதாமாதம் என் முகம் அப்பாவை நோக்கிப் போனது. அம்மா சோற்றைக் குழையப் பிசைந்து தந்துவிட்டு, எதிரே கதிரையில் உட்கார்ந்து நான் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள், "இப்பதான் சரியா இருக்கு" என்றார்.

சென்ற வாரம் தாடையை வெட்டும் சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைத்தது. நாட்காட்டியில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா வந்து நின்றார்.

"வெட்டினாப் பிறகு இந்த முகம் இருக்காதோ?"

"கொஞ்சம் வேற மாதிரித்தான் இருக்குமாம், அம்மா. வேண்டாம் எண்டால் சொல்லுங்கோ. இப்பிடியே இருந்திடுவன்."

"விசர்க் கதை கதையாத. எத்தினை வருசம் வலியோட திரியப்போறாய்? போய் வெட்டு."

சொல்லிவிட்டுச் சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தார். சேலைத் தலைப்பால் கண்ணாடியின் ஓரத்தைத் துடைத்தார். அங்கே தூசு இருக்கவில்லை.

"அப்ப இனி இது அவரின்ர முகம் மட்டும்தான்" என்றார். குசினிக்குத் திரும்பியவர், வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஆஸ்பத்திரியால வரேக்க ஒரு மாலை வாங்கி வா."

வீடு திரும்பும் நாள் அந்த வட்டத்திலிருந்து ஐந்து கட்டங்கள் தள்ளி இருந்தது. அந்தக் கட்டத்துக்குள் "மாலை" என்று எழுதினேன். அப்பாவுக்கென்று என்னிடம் இருக்கும் ஒரே தேதி அதுதான்.