பியர் புளித்ததற்கு நானா காரணம்?

"நிலவறைக்குள்ள பெம்பிளையள் கால் வைச்சாப் பியர் புளிச்சுப் போகும் எண்டு இந்த ஜெர்மன்காரங்களே சொல்லுறாங்கள், தங்கச்சி. உனக்கு உந்த வேலை சரிவராது."

1986இல், ரொறன்ரோவில் ஒரு பழைய ஜெர்மன் பியர் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தொட்டி கழுவும் எங்கள் ஊர் அண்ணை ஒருவர் சொன்னது இது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் தீட்டு என்று ஊறுகாய்ச் சாடியைத் தொட விடமாட்டார்கள். கடல் தாண்டி வந்தும் அதே கதையா?

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அம்மா இன்றும் கைநாட்டுத்தான். இலங்கையில் 83 கலவரத்தோடு நின்றுபோன இரசாயனப் படிப்பை, இங்கே சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் இருந்துகொண்டு மாலை வகுப்புகளில் முடித்தேன். அப்படிக் கிடைத்ததுதான் இந்த ஆய்வுகூட வேலை. ஆண்கள் பியர் நொதிக்கும் நிலவறையில் இருந்து போத்தல்களில் மாதிரி கொண்டுவருவார்கள். நான் மேலே இருந்து சோதிப்பேன்.

அங்கே எல்லோருக்கும் தங்கள் வரலாற்றில் பெருமை அதிகம். முதலாளியின் பூட்டன் ஜெர்மனியில் இருந்து கொண்டுவந்த மரத்துடுப்பு ஒன்று சுவரில் தொங்கும். வருடத்தில் ஒருநாள், அவருடைய நினைவாக, புரூமாஸ்டர் என்று அழைக்கப்படும் பியர் தயாரிப்புத் தலைமைக்காரர் அதை எடுத்து, நிலவறையில் நுரைத்துக்கொண்டிருக்கும் ஒரு தொட்டியைக் கலக்குவார்.

அந்த வருடமும் கலக்கினார். மறுவாரம் மாதிரி எடுக்கும் ஆள் சுகமில்லை என்று வரவில்லை. வேலை நிற்கக்கூடாதே என்று நானே இறங்கிப் போய் எடுத்துவந்தேன். சில நாட்களில் அதே தொட்டி புளித்துவிட்டது.

புரூமாஸ்டர் எல்லோர் முன்னாலும் என்னைத்தான் பார்த்தார். "இவ்வளவு காலமும் புளிக்காத பியர் இப்போது மட்டும் ஏன் புளித்தது?" வெள்ளிக்கிழமைக்குள் என் வேலையைப் பற்றி முடிவு சொல்வதாகவும் சொன்னார்.

"நான் அப்பவே சொன்னனான், கேட்டியே?" என்றார் அண்ணை.

"அப்ப என்னை வினாகிரி செய்யிற இடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கோ அண்ணை. நான் சும்மா நடந்து திரிஞ்சாலே எல்லாம் புளிச்சிடும், அவங்களுக்கு அது காணும்!"

வாயால் வெட்டினாலும் உள்ளே கொதித்தது. துடுப்பால் கலக்கிய பிறகு, நான் இறங்குவதற்கு முன், ஆண்கள் அதே தொட்டியில் எடுத்து வந்த மாதிரி குளிரூட்டியில் திகதியோடு இருந்தது. அதைச் சோதித்தேன். புளிக்க வைக்கும் பக்டீரியா அதிலேயே இருந்தது. பிறகு சுவரில் தொங்கிய துடுப்பைப் பார்த்தேன். அந்தக் குளிர்காலத்தில் நீளமாக வெடித்திருந்தது. வெடிப்பைச் சுரண்டி எடுத்ததில் அதே பக்டீரியா!

வியாழக்கிழமை புரூமாஸ்டரைக் கூட்டிவந்து நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் பார்த்தார். "இனித் துடுப்பைத் தொட்டிக்குள் விடவேண்டாம்" என்று மட்டும் சொன்னார். என் வேலை தப்பியது. ஆனால் ஒரு மன்னிப்பு? இல்லை. பெண்கள் கீழே போகக்கூடாது என்பது மட்டும் அப்படியே இருந்தது. வெடித்த துடுப்பை ஒரு நிமிடத்தில் கைவிட முடிந்தவர்களுக்கு, பொய்யென்று கண்ணால் கண்ட ஒரு நம்பிக்கையைக் கைவிட முடியவில்லை!

ஒரு வழக்கம் பழையது என்பதற்காக அதை நான் வாய்மூடிச் சுமக்க வேண்டியதில்லை என்று அன்று எனக்கு உறைத்தது. இரண்டு வருடமாகிவிட்டது; இன்றும் அந்தத் தெளிவோடுதான் அதே இடத்துக்கு வேலைக்குப் போகிறேன். நிலவறைக்கு ஆள் தேவை என்று சென்ற திங்கட்கிழமை அறிவித்தல் ஒட்டினார்கள். அன்று மத்தியானமே என் விண்ணப்பத்தைப் புரூமாஸ்டரின் கையிலேயே கொடுத்துவிட்டேன்.