பீங்கான் உடைக்கும் தெரு

எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் தரையும் மட்டமில்லை. என் அடுப்படியில் ஒரு தேசிக்காயைக் கீழே வைத்தால் அது தானாக உருண்டு வாசல் கதவுவரை போகும். பூமிக்கு அடியில் நிலக்கரியைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். மேலே வீடுகள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருக்கின்றன. டோர்ட்மண்ட் நகரத்தின் ஓரத்தில், சுரங்கத் தொழிலாளருக்கென்று அந்தக் காலத்தில் கட்டிய செங்கல் வீடுகள் இவை. ஒரு கூரையின் கீழ் இரண்டு குடும்பம், பின்னால் ஒரு துண்டுத் தோட்டம், தோட்டத்தின் முடிவில் முன்பு பன்றி வளர்த்த கொட்டில். எங்கள் கொட்டிலில் இப்போது சைக்கிள்களும் அரிசி மூட்டையும் இருக்கின்றன.

இந்தப் புறநகரின் சரித்திரத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் சொல்லிச் சொல்லியே எனக்குப் பாடமாகிவிட்டது. அவர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள், இன்னொரு சுரங்கத் தொழிலாளியின் மனைவி. கணவர் இறந்த பிறகும் அதே வீட்டில் தனியாக இருக்கிறார். முதலில் போலந்துக்காரர் வந்தார்களாம். அவர்களைப் பார்த்து ஜெர்மன்காரர் முகம் சுளித்தார்களாம். இத்தாலிக்காரர் வந்தபோது போலந்துக்காரரின் பேரப்பிள்ளைகள் சுளித்தார்கள். துருக்கிக்காரர் வந்தபோது எல்லோரும் ஒற்றுமையாகச் சுளித்தார்கள். "நீங்கள் வந்தபோது சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். முகம் சுளிக்க ஒருவருக்கும் தெம்பு இருக்கவில்லை" என்று சொல்லிச் சிரிப்பார்.

சுரங்கத்தின் சக்கரக் கோபுரம் இன்னும் துருப்பிடித்து நிற்கிறது. வேலை முடிந்த ஆண்கள் கரி போகக் குளித்த மண்டபம் இப்போது ஊர்ப் பொது மண்டபம். அங்கேதான் சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகள் "அறம் செய விரும்பு" என்று கத்தினார்கள்.

பக்கத்து வீட்டு மனுசிக்கு நான் பட்ட கடன் கொஞ்சமல்ல. என் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல்நாள், இந்த ஊரில் ஒவ்வொரு பிள்ளையும் தன் உயரத்தில் பாதி இருக்கும் கடதாசிக் கூம்பு ஒன்றை, இனிப்பும் பென்சிலும் நிரப்பி, கட்டிப்பிடித்துக்கொண்டு போகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் பிள்ளைக்குத் திருநீறு பூசி, இரட்டைப் பின்னல் போட்டு, வெறுங்கையோடு வாசலில் இறக்கினேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் ஏற்கெனவே ஒரு சிவப்புக் கூம்போடு நின்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அதே வேகத்தில் கண்ணீரும் வரும் என்பதை ஒருவரும் சொல்வதில்லை. அன்றைக்கு வந்தது.

ஆனாலும் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே விளங்காத ஒன்று இருந்தது. இந்தத் தெருவில் யாருக்காவது கல்யாணம் என்றால், அதற்கு முந்தின பின்னேரம் அக்கம்பக்கத்தார் பழைய பீங்கான் தட்டுகளோடு வந்து அந்த வீட்டு வாசலில் எறிந்து உடைப்பார்கள். ஒரே கும்மாளம், பியர், பாட்டு. நாங்கள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்ப்போம். ஒருதரம் நான் என் கணவரிடம், "நாங்களும் ஒருக்கா எட்டிப் பாப்பமோ?" என்று கேட்டேன்.

"கூப்பிடாத இடத்துக்கு என்னெண்டு போறது?" என்றார் அவர்.

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்து, கட்டாயம் வரவேணும் என்று சொன்னால்தான் கல்யாணத்துக்குப் போவோம். சொல்லாமல் போவது சாவீட்டுக்கு மட்டும். வருடக்கணக்காக எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை. வேலிக்கு மேலால் கதைக்கலாம், பீங்கான் உடைக்கும் அளவுக்கு நாங்கள் அவர்களுக்குச் சொந்தமில்லை என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அந்த முடிவு ஒரு முள்ளாக எனக்குள் கிடந்தது.

சில வருடங்களுக்கு முன் என் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை பாரிசில் வளர்ந்த யாழ்ப்பாணப் பொடியன், தங்கமான பிள்ளை. தாயார்தான் சகுனம் பார்ப்பதில் முழுப் பஞ்சாங்கம். யாராவது தும்மினால் எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு வைப்பார். கல்யாண மண்டபத்தின் வாசல் எந்தத் திசை என்று கேட்டு எனக்கு எத்தனை தரம் தொலைபேசி எடுத்தார் என்று கேட்காதீர்கள். எனக்குச் சிரிப்பும் கோபமும் மாறிமாறி வரும். ஆனால் அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருடைய மூத்த மகனின் கல்யாணத்தில் மணவறைக் குத்துவிளக்கு அணைந்துபோனதாம். அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. "அண்டைக்கே எனக்கு மனசு சொன்னது மச்சாள், நான்தான் வாயைத் திறக்கேல்லை" என்று என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார். இந்தமுறை ஏதாவது தவறாகக் கண்டால் வாயைத் திறப்பார் என்று எனக்குத் தெரியும். என் பிள்ளை அந்தச் சந்தேகத்தோடு புகுந்த வீட்டுக்குப் போகக் கூடாது. எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பின்னேரம். கோடைக்காலம், எட்டு மணிக்கும் நல்ல வெயில். பின் தோட்டத்தில் காஸ் அடுப்பை வைத்துக் கடைசிப் பலகாரச் சூடு. நான் தாச்சியில் அரியதரம் பொரிக்கிறேன், சம்பந்தியம்மா பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பதம் சொல்கிறார். மாப்பிள்ளை நகரத்தில் ஒரு விடுதியில். தாலி கட்டுமுன் பெண்ணின் முகத்தில் முழிக்கக் கூடாது என்பது தாயாரின் சட்டம்.

அப்போது முன் வாசலில் படார் என்று ஒரு சத்தம். தொடர்ந்து இன்னொன்று.

நாங்கள் இங்கே குடிவந்த காலம், வெளிநாட்டவர் வீடுகளுக்கு நெருப்பு வைத்த காலம். அப்போதெல்லாம் மாடிப்படியில் ஒரு வாளி தண்ணீர் வைத்துவிட்டுத்தான் படுப்போம். அந்தப் பயம் எங்கே ஒளிந்திருந்ததோ, எண்ணெய் வடியும் அகப்பையோடு நான் முன்பக்கம் ஓடினேன். சம்பந்தியம்மா பின்னால் ஓடி வந்தார்.

வாசலில் முழுத் தெருவும் நின்றது. பக்கத்து வீட்டுக்காரி முன்னுக்கு, காலடியில் பெரிய பெட்டி நிறையப் பீங்கான். மூலை வீட்டுக்காரர் ஒரு பழைய கக்கூஸ் பேசினையே தூக்கிக்கொண்டு நின்றார். என் வாசற்படி முழுவதும் வெள்ளைச் சில்லுகள். என் மகள் கதவடியில் நின்று கையைத் தட்டிச் சிரிக்கிறாள்.

சம்பந்தியம்மாவின் முகம் வெளிறிவிட்டது. "என்ன மச்சாள் இது? சாவீட்டு வாசலிலயெல்லோ சட்டி உடைக்கிறவை?"

நான் அகப்பையை உயர்த்தி, "நிறுத்துங்கள்!" என்று ஜெர்மனில் கத்தினேன். தெரு அப்படியே நின்றது. பக்கத்து வீட்டுக்காரியின் கையில் ஒரு தட்டு பாதி உயரத்தில் இருந்தது. அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன். இந்தப் பக்கம் மகளின் புகுந்த வீடு, அந்தப் பக்கம் எனக்கு வாழக் கற்றுத் தந்த தெரு. எதைச் சொன்னாலும் ஒரு பக்கம் நோகும்.

"இதைச் செய்யக் கூடாதா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். "இவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோதே விளிம்பு உடைந்த தட்டுகளைச் சேர்க்கத் தொடங்கிவிட்டேன். எல்லாம் இவளுக்குத்தான்."

அப்போதுதான் அந்த முள் வெளியே வந்தது. "எங்களை ஒருநாளும் நீங்கள் இதற்குக் கூப்பிடவில்லையே" என்றேன். சொல்லவேண்டிய நேரமா அது? ஆனால் வாயில் வந்துவிட்டது.

அவர் என்னைப் புதினமாகப் பார்த்தார். "இதற்கு யாரையும் கூப்பிடுவதில்லை. கல்யாணத்துக்குத்தான் அழைப்பிதழ். இதற்குத் தெருவில் இருக்கிறவர்கள் தாங்களாகவே வருவார்கள். நீங்கள் ஒருமுறையும் வரவில்லை. எங்களை உங்களுக்குப் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தோம். இருந்தாலும் வந்திருக்கிறோம்."

இருந்தாலும் வந்திருக்கிறோம். அந்த இரண்டு சொல்லுக்கு நான் அந்த இடத்திலேயே அவர் காலில் விழுந்திருப்பேன்; ஆனால் தரை முழுக்கச் சில்லு.

மகள் நடந்ததையெல்லாம் மாமிக்குத் தமிழில் சொன்னாள். சம்பந்தியம்மா லேசில் விடுகிற ஆளில்லை. நீதிபதி மாதிரி நிமிர்ந்து நின்று, "ஏன் உடைக்கினம் எண்டு கேளும் பிள்ளை" என்றார்.

மகள் கேட்டாள். சத்தத்துக்குக் கெட்டதெல்லாம் ஓடிவிடும், சில்லு அதிர்ஷ்டம் தரும் என்று பதில் வந்தது.

"கண்ணாடிச் சாமானும் உடைக்கிறவையோ?"

பக்கத்து வீட்டுக்காரி பதறிப்போனார். "ஐயோ, கண்ணாடி கூடவே கூடாது! அது கெட்ட சகுனம்! முகம் பார்க்கும் கண்ணாடி என்றால் இன்னும் மோசம்!"

இதைக் கேட்டதும் சம்பந்தியம்மாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "அப்ப விசயம் தெரிஞ்ச ஆக்கள்தான்" என்றார். "நாங்கள் பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் அடிக்கிறேல்லையே? விக்கினம் போறதுக்குத்தானே? இது இவையின்ர சிதறுதேங்காய். மச்சாள், எனக்கும் ஒரு பீங்கான் தாங்கோ."

நான் உள்ளே ஓடினேன். எங்கள் வீட்டில் எங்கே பீங்கான்? எல்லாம் எவர்சில்வர். என் கணவர் அவசரத்தில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து நீட்ட, சம்பந்தியம்மா அதை ஆவேசமாக எறிந்தார். அது ணங் என்று விழுந்து, எழும்பி, சரிந்த தெருவில் உருண்டு உருண்டு சுரங்கக் கோபுரம் இருக்கும் பக்கமாகப் போனது. தெரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பக்கத்து வீட்டுக்காரி தன் பெட்டியிலிருந்து நீலப் பூப்போட்ட தட்டொன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அதை எறிந்தபோது சம்பந்தியம்மா "பிள்ளையாரே!" என்று கத்தியது எனக்குக் கேட்டது. மூத்த மகனுக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டிருப்பார்.

சில்லுகளைப் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து கூட்டி அள்ள வேண்டுமாம். மாப்பிள்ளைதான் வரக் கூடாதே. "அவருக்குப் பதிலா நான் கூட்டுறன், வாரும் பிள்ளை" என்று சம்பந்தியம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். என் மகளும் அவள் மாமியும் குனிந்து ஒன்றாகக் கூட்டினார்கள். நான் அரியதரத்தைத் தட்டில் அடுக்கித் தெருவுக்குக் கொடுத்தேன். தாச்சியில் விட்டு வந்தது கருகிவிட்டிருந்தது. அதையும் மூலை வீட்டுக்காரர் ருசி என்று சாப்பிட்டார். அத்தனை நன்றியை ஒரே பின்னேரத்தில் எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் எல்லோரையும் சாப்பிடச் சொல்லி அதட்டிக்கொண்டே இருந்தேன்.

அதன் பிறகு என் நிலவறையிலும் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். பழைய சாமான் சந்தையில் விளிம்பு உடைந்த பீங்கானைக் கண்டால் வாங்கிவிடுவேன். என் கணவர், "உடைஞ்சதுக்கும் காசோ?" என்று புறுபுறுப்பார்.

இந்த வசந்த காலத்தில் மூலை வீட்டில் கல்யாணம். முந்தின நாள் பின்னேரம் நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். எதிர் வீட்டில் சிரியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. வந்து கொஞ்சக் காலம். அந்த வீட்டு மாடி ஜன்னலில் திரைச்சீலை ஒரு விரலளவு விலகியிருந்தது. அதற்குப் பின்னால் எப்படி நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவார்கள்.

நான் கணவரை முன்னால் போகச் சொல்லிவிட்டு, அந்த வீட்டு மணியை அடித்தேன். அந்தப் பெண் கதவைப் பாதி திறந்தார். இளம் வயது, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே என்னையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"வாருங்கள்" என்றேன்.

"எங்களை அவர்கள் கூப்பிடவில்லையே" என்றார், தட்டுத் தடுமாறிய ஜெர்மனில்.

"கூப்பிடவே மாட்டார்கள்" என்று சொல்லி, நீலப் பூப்போட்ட தட்டொன்றை எடுத்து அவர் கையில் வைத்தேன்.