ஈயப் பட்டைக்குப் பின்னால் ஒரு கொண்டை ஊசி

என் அக்காவைக் கட்டியவரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததே இல்லை. கதவு படாரென்று சாத்தினால் எழுந்து நின்றுவிடுவார். அடுப்பில் எண்ணெய் காய்ந்தால் பக்கத்து அறைக்குப் போய்விடுவார். குடையில்லாமல் தெருவில் இறங்கமாட்டார். மழை வராது என்று தெரிந்த நாளில் வெயிலுக்குப் பயம். கல்யாணமான புதிதில் அக்கா என்னிடம் வந்து, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்வாங்க இல்ல, அந்த அரண்டவனையே தேடிப் பிடிச்சு எனக்குக் கட்டி வெச்சுட்டாங்கடி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்போது எனக்கு வயதும் குறைவு, அறிவும் குறைவு.

நானும் அத்தானும் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம். சட்டை தைக்கும் கூடம். எட்டு வரிசை பெஞ்சு, வரிசைக்கு ஐந்து பேர், எல்லோரும் பெண்கள். வரிசைகளுக்கு நடுவே வெட்டிய துணி இடுப்புயரத்துக்குக் குவிந்து கிடக்கும். அத்தான் அங்கே விளக்குக்காரர். மண்ணெண்ணெய் விளக்குக் காலத்தில் திரி நறுக்கி, கண்ணாடி துடைத்து, எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். பின்கட்டில் எஞ்சினும் டைனமோவும் வந்து இறங்கியதும், துடைத்த கைக்கே மின்சார விளக்கையும் கொடுத்துவிட்டார்கள். கற்றுக்கொடுக்க வந்த ஆள் நான்கு நாள் இருந்தான். மூன்று நாள் தூங்கினான்.

மற்றவர்கள் அந்த பல்புகளை வாயைப் பிளந்து பார்த்தார்கள். அத்தான் பார்த்தது கம்பிகளை. நூல் சுற்றிய இரண்டு கம்பிகள், மரச் சட்டத்துக்குள், நேராக எங்கள் துணிக் குவியல்களுக்கு மேலே ஓடின. அவை ஒன்றோடொன்று உரசினால் என்ன ஆகும் என்று தூங்காத அந்த ஒரு நாளில் அந்த ஆளிடம் கேட்டிருக்கிறார். "கம்பி பழுக்கும், மரம் பிடிக்கும், அப்புறம் ஓட வேண்டியதுதான்" என்று அவன் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை.

விளக்குகளோடு வந்த காகிதக் கட்டில் ஒரு படம் இருந்தது. அதைப் பார்த்து அவரே ஒரு பெட்டி செய்தார். பலகைமேல் இரண்டு பித்தளைத் திருகு, நடுவே மெல்லிய ஈயப் பட்டை, அந்தப் பட்டை இழுத்துப் பிடித்திருக்கும் ஒரு ஸ்பிரிங் கை. மின்சாரம் அளவுக்கு மீறினால் பட்டை உருகும், கை டக்கென்று பின்னால் துள்ளும், விளக்கெல்லாம் அணையும். கம்பி சூடாவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பட்டைக்கு எவ்வளவு ஈயம், எவ்வளவு வெள்ளீயம் என்று அக்காவின் குழம்புக் கரண்டியில் உருக்கி உருக்கிப் பார்த்தார். அந்த வீட்டில் மூன்று மாதம் குழம்பைத் தம்ளரில்தான் மொண்டு ஊற்றினார்கள்.

பெட்டி வேலை செய்தது. அதுதான் வம்பு. பயத்தில் அவர் பட்டையை நூல் மாதிரி ஒல்லியாக வெட்டி வைத்திருந்தார். எஞ்சின் கொஞ்சம் வேகம் பிடித்தால் டக். ஈரக் காற்று அடித்தால் டக். நாற்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு இருட்டில் உட்காருவோம். அவர் ஏணி கொண்டுவந்து, அது ஆடாமல் இருக்கிறதா என்று நாலு தரம் பார்த்து, ஏறி, புதுப் பட்டை மாட்டி இறங்குவதற்குள் அரை மணி போய்விடும். எங்களுக்குக் கூலி சட்டைக் கணக்கில். இருட்டில் தைத்த சட்டையை எவன் வாங்குவான்? அவருக்கு 'இருட்டு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மூன்றாம் வரிசையில் ஒருத்தி இருந்தாள், அவள் நாக்குக்குப் பயந்து எல்லோரும் 'கத்திரி' என்று கூப்பிடுவோம். "இருட்டு வருது, எல்லாரும் ஊசியை கீழ வையுங்கடி" என்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சொந்த அத்தான் ஆயிற்றே என்று ஒரு நாளும் வாயை மூடியதில்லை.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரே வாரத்தில் நான்கு முறை அணைந்தது. முதலாளி கூடத்துக்கே வந்து எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இந்த மாசத்துல இன்னொரு தடவை இருட்டாச்சுன்னா அந்தப் பெட்டியும் வேணாம், நீயும் வேணாம்." அத்தான் தலையை ஆட்டினார். அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். சாயங்காலம் போனால், அடுப்பைக்கூட மூட்டாமல் அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் கத்திரி தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி என் கையில் வைத்தாள். தடித்த இரும்பு ஊசி. "நான் முன்னாடி இருந்த எடத்துலயும் இப்படி ஒரு பெட்டி இருந்துச்சு. ஈயத்துக்குப் பின்னாடி, ரெண்டு திருகையும் சேர்த்து இதைச் செருகிட்டா அப்புறம் அணையவே அணையாது. நீதான் நெட்டை, நீ ஏறு" என்றாள். நான் யோசிக்கவே இல்லை. எங்கள் கூலியும் பிழைக்கும், அத்தான் வேலையும் பிழைக்கும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். காலையில் டைனமோ ஓடும் முன் ஸ்டூல் போட்டு ஏறிச் செருகிவிட்டேன். வெளியே துளியும் தெரியவில்லை.

அதன் பிறகு ஒரு டக் இல்லை. ஒரு நாள், மூன்று நாள், இரண்டு வாரம். அத்தான் தினமும் பெட்டியைத் திறந்து பார்ப்பார். பட்டை மாட்டிய மேனிக்கு அப்படியே இருக்கும். மின்சாரம் முழுக்க ஊசி வழியாகப் போய்க்கொண்டிருந்தது, பட்டை சூடாகவே இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தன் கலவை கடைசியில் கைகூடிவிட்டது என்று நம்பினார். அந்த மனிதர் முதுகை நிமிர்த்தி நடந்து நான் பார்த்தது அப்போதுதான். அக்காவுக்குக் கரண்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். முதலாளி அவர் தோளில் தட்டி, பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்கள் மூன்று பேரைக் கூட்டி வந்து காட்டப்போவதாகச் சொன்னார். எனக்கு ஒரே பெருமை. தப்பு செய்த நினைப்பே இல்லை, உண்மையைச் சொல்கிறேன்.

காட்டப்போகும் நாளுக்கு முந்தைய சாயங்காலம் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். அத்தான் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகிக்கொண்டிருந்தார்.

"சும்மா பேசினா போதுமா அத்தான்? என்னத்தைக் காட்டப் போறீங்க?" என்றேன்.

"ரெண்டு கம்பியையும் நானே இரும்புத் துண்டால சேர்த்து வெப்பேன். டக்குன்னு அறுத்துக்கும். அதைத்தான் பார்க்க வர்றாங்க."

"அறுக்கலேன்னா?"

அவர் சிரித்தார். "அறுக்கலேன்னா மேல ஓடுற கம்பி மொத்தமும் பழுத்துடும். கீழே துணி. வாசல் ஒண்ணுதான். அதுக்குத்தானே இவ்வளவு நாளா நான் தூங்கலை."

பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தேன், அக்கா வயிற்றைப் பார்த்தேன், வாய் வரவில்லை. காலையில் சீக்கிரம் போய் ஊசியை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் ஓட்டமாக ஓடினேன். ஆனால் முதலாளி எனக்கு முந்திக்கொண்டார். வானம் இருண்டு கிடந்ததால் டைனமோ அப்போதே ஓடிக்கொண்டிருந்தது. விளக்கெல்லாம் எரிந்தன. பெட்டிக்கு நேர் கீழே மூன்று பெரிய மனிதர்கள் கோட்டுப் போட்டு நின்றார்கள். மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் கை விட முடியாது. கத்திரி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அத்தான் இரும்புத் துண்டை எடுத்தார்.

"அத்தான், வேணாம்! வெச்சுடாதீங்க!" என்று கத்தினேன். "பெட்டிக்குள்ள ஊசி இருக்கு. நான்தான் வெச்சேன்."

கூடத்தில் ஒரு தையல் மெஷின்கூட ஓடவில்லை. முதலாளி முகம் சிவந்து, "ரெண்டு பேரும் இப்பவே வீட்டுக்குப் போங்க" என்றார். அவமானத்தில் நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். இனி அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

அத்தான் போகவில்லை. பின்கட்டுக்குப் போய் டைனமோவை நிறுத்தச் சொன்னார். ஏணியில் ஏறினார்; ஆடுகிறதா என்று அன்றைக்கு ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. குறடால் ஊசியை உருவி எடுத்தார். அது நீலம் பாரித்திருந்தது. அது தொட்டுக்கொண்டிருந்த பலகையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழி, கரியாகக் கறுத்து. பெட்டியைக் கழற்றி முதலாளியிடம் நீட்டினார். முதலாளி அந்தக் குழியைத் தொட்டார். விரல் கறுப்பாக வந்தது.

"போறேங்க" என்றார் அத்தான். "அதுக்கு முன்னாடி இவங்களை ஒண்ணு கேட்டுக்கறேன்." எங்கள் பக்கம் திரும்பினார். "எதுக்கும்மா வெச்சீங்க?"

அவர் குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கத்திரி எழுந்தாள். "பின்ன என்ன பண்றது? நீங்க பயந்து பயந்து பட்டையை நூல் மாதிரி நறுக்குறீங்க. அங்க அஞ்சாவது வரிசையில ஒரு பல்பு கண்ணடிச்சா, இங்க எங்க பொழப்பும் சேர்ந்து அணையுது. நாப்பது பேருக்கும் சேர்த்து ஒரே பெட்டின்னா இப்படித்தான்!"

அத்தான் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அவள் சொன்னதை அப்படியே ஒரு காகிதத்தில் எழுதினார். எழுதியதை ஒரு தடவை படித்தார். "இது எனக்குத் தோணலை பாருங்க" என்றார் முதலாளியிடம். "வரிசைக்கு ஒரு பெட்டி. பட்டையும் கொஞ்சம் அகலமா. எந்த வரிசையில கோளாறோ அது மட்டும் அணையும்."

பிறகு பெட்டியைத் திரும்ப மாட்டி, அகலமான பட்டை ஒன்றைப் பூட்டி, டைனமோவை ஓடவிட்டு, இரும்புத் துண்டைக் கம்பிகளின்மேல் வைத்தார். டக். கூடம் இருண்டது. இருட்டானதற்குக் கைதட்டியது எங்கள் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

கைதட்டல் அடங்கியதும் முதலாளி தொண்டையைச் செருமினார். "எட்டுப் பெட்டி செய்ய எத்தனை நாள் ஆகும்?"

"மூணு வாரம்."

"ரெண்டு வாரத்துல முடி. அந்த நெட்டைப் பொண்ணு ஏணி பிடிக்கட்டும்."

அக்கா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. பிள்ளை பிறந்து, அதைத் தூக்கத் தெரியாமல் அத்தான் நடுங்கிக்கொண்டு நின்றபோதுதான், "நீயாவது வாங்குடி" என்று வாய் திறந்தாள். கரண்டி மறுபடியும் காணாமல் போயிருந்தது. அவள் இந்த முறை புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் மூன்றாம் வரிசை மட்டும் அணைந்தது. மற்ற ஏழு வரிசைகளில் யாரும் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. மெஷின்கள் பாட்டுக்கு ஓடின. நான் ஏணியைப் பிடித்தேன், அத்தான் ஏறி மரச் சட்டத்தைத் திறந்தார். உள்ளே எலி கடித்திருந்தது. சாண் நீளத்துக்கு நூல் கருகி, இரண்டு கம்பிகளும் ஒட்டிக் கிடந்தன. மரத்தில் ஒரு கரிக்கோடு. அவ்வளவுதான், அதற்குமேல் பரவவில்லை. நேர் கீழே துணிக் குவியல் வெள்ளையாக இருந்தது. அதைச் சுற்றி ஐந்து பேர் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் அந்தக் கரிக்கோட்டையும் கீழே இருந்த ஐந்து தலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஏணி நடுங்கியது. நான் இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

"என்னய்யா, மேலேயே குடித்தனம் வெச்சுட்டீரா?" என்று கத்திரி கீழிருந்து கத்தினாள். "இன்னும் பன்னெண்டு சட்டைக்குக் கை தைக்கணும். பொழுது போகுது. அங்க நின்னுக்கிட்டு வேடிக்கையா பார்க்கறீரு? வயித்தெரிச்சலா இருக்கு உம்ம வேலையைப் பார்த்தா!"

அத்தான் அழுதுகொண்டிருந்தார். அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே குனிந்தார்.

"திட்டும்மா" என்றார். "இன்னும் நல்லாத் திட்டு."