கன்னையா பின்பக்கம்தான் பார்ப்பார்

எந்த வண்டி வந்து நின்றாலும் கன்னையா முன்பக்கம் போவதில்லை. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் சாப்பாட்டுக் கடை வாசலில் பளபளவென்று ஒரு பென்ஸ் ஒதுங்கினால் போதும், தே தாரிக் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். இடுப்பில் கைவைத்துக் குனிந்து, டிக்கியில் ஒட்டியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் படிப்பார். பிறகு பம்பருக்கு அடியில் புகைக்குழாயைப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அன்றைக்குக் கடையில் யாருக்கும் சோறு இறங்காது.

"பாத்தியா அநியாயத்த? உள்ள இருக்கறது ஒன் எய்ட்டி. ஒட்டியிருக்கறது சிக்ஸ்டி த்ரீ! வெக்கமா இல்ல?"

காப்பார் ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை. சொந்தமாக ஓட்டுவது பழைய புரோட்டான் கார். ஆனால் பென்ஸ் பற்றி உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் பாடம் எடுத்தாயிற்று. "ஏ சின்னது. சி அதுக்கு மேல, இ அதுக்கும் மேல. எஸ்ஸுன்னா மொதலாளி பின்னால உக்காந்து போறது. ஒசரமான வண்டின்னா கடைசி எழுத்தப் பாரு, ஜி.எல்.சி.ன்னா சி, ஜி.எல்.இ.ன்னா இ. எழுத்து ஒடம்பு லா, நம்பர் எஞ்சினு. பெரிய எஞ்சின்னா பின்னால கொழாயும் அதிகம்."

எழுத்தை மாற்றினால் உருவமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எண்ணை மாற்றுகிறார்கள். பேட்ஜ் ஒன்றை வாங்கி ஒட்டினால் சாதா எஞ்சின் பந்தய எஞ்சினாகிவிடுமாம்! கன்னையாவுக்குப் பற்றிக்கொண்டு வருவது இதில்தான். பிரிக்ஃபீல்ட்ஸ் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளையுடைய மாமனின் வண்டிக்குப் பின்னால் போய் நின்று "டூப்ளிகேட்!" என்று கத்தியே விட்டார். அந்த மனிதர் சாப்பிடாமல் போனார். "வண்டியிலயே பொய் சொல்றவன் வாயத் தொறந்தா என்னா சொல்வான்?" என்றார் கன்னையா. துளி வருத்தமில்லை.

அவர் மகள் தாமரையைக் கட்டிக்கொள்ள வந்த கிஷனின் வண்டியில் சி 63 என்றிருந்தது. நான்கு குழாய் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன.

"அங்கிள், சும்மா ஸ்டைலுக்கு லா."

"ஸ்டைலா? கழட்டிட்டு வாங்க தம்பி, அப்பறம் பேசலாம்."

கிஷன் கழற்றவில்லை. நண்பர்களெல்லாம் பார்த்துவிட்டார்களாம், இனி எடுத்தால் அசிங்கமாம். அந்த வண்டியில் மகளை ஏற்றமாட்டேன் என்று கன்னையா வீட்டையே இரண்டாக்கினார்.

"அப்பா, நான் கட்டிக்கப்போறது கிஷனையா, அந்த பேட்ஜையா?" என்றாள் தாமரை.

"ரெண்டும் ஒண்ணுதான்!" என்று சீறினார். சீறிக்கொண்டேதான் பத்திரிகை அடிக்கவும் கொடுத்தார்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் பூச்சுற்றிக்கொண்டு அதே வண்டி நின்றது. பின்னால் அதே எண். பார்த்ததுமே அவருக்கு ரத்தம் கொதித்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறி உட்கார்ந்தார்கள். அப்போது அவர் தம்பி பக்கிரிசாமி, அண்ணனிடம் படித்த பாடம் மறக்காமல், இடுப்பில் கைவைத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் நடந்தார். கூடவே இன்னும் சிலர். தாமரை கண்ணாடி வழியே அப்பாவைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

கன்னையா அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். சம்பந்தி போட்ட ரோஜா மாலை இன்னும் கழுத்தில் கிடந்தது. அதைக் கழற்றி, அந்த எண் மறையும்படி டிக்கியின் பூச்சரத்தில் செருகினார். பிறகு திரும்பி, குழாய்கள் வேட்டிக்குப் பின்னால் மறையும்படி காலை அகட்டி நின்றுகொண்டார்.

"என்னா பாக்கற?" என்று தம்பியைப் பார்த்துக் கத்தினார். "போய்ச் சாப்புடுங்க லா!"