சிவரஞ்சனி எடுத்துக் கொடுத்த மாத்திரைகள்

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மெடிக்கலில் சிவரஞ்சனி பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். பிளஸ் டூவோடு படிப்பு நின்றுவிட்டது. மாத்திரை அட்டைகளை எழுத்துக் கூட்டிப் படித்தே தொழிலைக் கற்றுக்கொண்டாள். சளி, சேற்றுப்புண், பல்வலி என்று வந்து நிற்பவர்களிடம் இரண்டு கேள்வி கேட்பாள். அதற்குள் கை அலமாரிக்குப் போய்விடும். கூலி வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் அரை நாள் நிற்க முடியாதவர்களுக்கு அவள்தான் டாக்டர். "ரஞ்சனி குடுத்தா ரெண்டு வேளையில கேட்டுரும்" என்பார்கள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு.

அவள் கணவன் மஸ்கட்டில் வேலையில் இருந்தான். அம்மா இறந்த பிறகு அப்பா உதயசூரியன் அவளோடு வந்து தங்கினார். அறுபத்திரண்டு வயதிலும் முந்திரிக் கொல்லைக்குத் தினமும் நடந்தே போய்வருகிற மனிதர்.

போன ஐப்பசி மழையில் அவருக்குச் சளி பிடித்தது. சிவரஞ்சனி ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். இருமல் விடவில்லை என்று அதைவிட வீரியமானது ஒன்று. கார்த்திகையில் காலில் முள் ஏறிச் சீழ் வைத்தபோது மூன்றாவதாக வேறொன்று. புண் ஆறிவிட்டது.

ஆறிய ஒரு வாரத்தில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து தடவை. முந்தின நாள் போய்வந்த கல்யாண வீட்டுச் சாப்பாடு சேரவில்லை என்று நினைத்து, போக்கைக் கட்டும் மாத்திரையும் கூடவே இன்னொரு ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தாள். வயிறு உப்பியது. காய்ச்சல் ஏறியது. நாலாம் நாள் அவள் வேலை முடிந்து வந்தபோது, கொல்லைப்புறக் கதவருகே வேட்டி நனைந்து உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிக்க முடியலத்தா" என்றார். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷர்லி மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் கட்டிலருகே வந்து கேட்டார்:

"ரெண்டு மாசத்துல என்னென்ன மாத்திரை சாப்பிட்டீங்க? யார் எழுதிக் குடுத்தது?"

சிவரஞ்சனி வாய் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "எம் மக மெடிக்கல்லதாங்க வேலை பாக்குறா. அவதான் பாத்துப் பாத்துக் குடுத்தா."

அவ்வளவு பலவீனத்திலும் அந்தக் குரலில் பெருமை இருந்தது. டாக்டர் அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வெளியே அழைத்துப் போனார்.

"குடல்ல கோடிக்கணக்குல நல்ல கிருமிங்க இருக்கும்மா. செரிமானத்துக்கு ஒத்தாசை பண்றது, எதிர்ப்புச் சக்தியைப் பழக்குறது, கெட்ட கிருமிக்கு எடம் விடாம நிக்கிறது, எல்லாம் அதுங்க வேலை. அடுத்தடுத்து ஆன்டிபயாட்டிக் போனதுல அதுங்க ரொம்ப அழிஞ்சிருச்சு. காலியான எடத்துல ஒரு கிருமி பெருகி விஷத்தைக் கக்குது. போக்கைக் கட்டுற மாத்திரையும் இதுக்குக் குடுத்திருக்கக் கூடாது."

"தயிர், மோரு குடுத்தா நல்ல கிருமி திரும்ப வந்துராதா டாக்டர்?"

"இந்த நிலைமைக்கு அது பத்தாதும்மா."

அந்தக் கிருமிக்கென்று உள்ள மருந்தைக் கொடுத்தார்கள். பத்து நாளில் அப்பா வீடு திரும்பினார். வீட்டுக்கு வந்த பன்னிரண்டாம் நாள் மறுபடியும் போக்கு. மறுபடியும் தஞ்சாவூர். மூன்றாம் முறை போனபோது மாசி பிறந்துவிட்டது. இடுப்பில் வேட்டி நிற்காத அளவுக்கு அப்பா மெலிந்திருந்தார்.

ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து நல்ல கிருமிகளை எடுத்து நோயாளியின் குடலில் சேர்க்கும் சிகிச்சை ஒன்று சென்னையில் இருக்கிறது என்றார் டாக்டர் ஷர்லி. கொடுப்பவருக்கு முதலில் நிறைய சோதனை செய்ய வேண்டும்.

"என்கிட்டருந்து எடுத்துக்கங்க. என்ன டெஸ்ட் வேணும்னாலும் எடுங்க" என்றாள் சிவரஞ்சனி.

"காய்ச்சல் எறங்கட்டும். ஆம்புலன்ஸ்ல அனுப்பலாம்."

காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் வயிறு கல்லாக இறுகிவிட்டது. அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். அப்பா அதன்பின் கண் விழிக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சிவரஞ்சனி வேலைக்குத் திரும்பினாள். போக வேறு இடம் இல்லை. முதல் நாளே அவள் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு ராசாத்தி மூக்கொழுகும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். போன தடவை கொடுத்த அதே மருந்து வேண்டுமாம்.

"டாக்டர்ட்ட காமிச்சிட்டு வாங்கக்கா. வெறும் சளிக்கு அது வேணாம்."

"நீதானடி போன தடவ குடுத்த?"

"தப்புக்கா. வயித்துல இருக்குற நல்ல கிருமியெல்லாம் செத்துப்போகும்."

"கிருமில என்னடி நல்ல கிருமி?" ராசாத்தி சிரித்தாள்.

அப்பாவுக்கு நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று சிவரஞ்சனிக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் கொடுத்தது யார் என்பதையும் சொல்ல வேண்டும். அலமாரிப் பக்கம் திரும்பி மாத்திரை அட்டைகளை அடுக்கினாள். ராசாத்தி ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கத்து மெடிக்கலுக்குப் போய், மருந்து பாட்டிலோடு பஸ் ஏறினாள்.

"நாம குடுக்கலன்னா அவன் குடுக்கப்போறான். ஒன்னால யாரையும் தடுக்க முடியாது" என்றார் முதலாளி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இப்போதும் அவள் டாக்டர் சீட்டு இல்லாதவர்களைத் திருப்பி அனுப்புகிறாள். ஒன்றிரண்டு பேர் அவள் சொல்வதைக் கேட்கிறார்கள். மற்றவர்கள் ரோட்டைக் கடக்கிறார்கள். அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று விசாரிப்பவர்களிடம், கணவனிடமும்கூட, "வயித்துக் கோளாறு" என்று மட்டும் சொல்கிறாள்.